அம்மியோடு ரோந்து: மருந்தியலைப் படம் போட்டுப் படிப்பது எப்படி

அமியோடரோன், தாறுமாறான இதயத்துடிப்பைச் சீராக்கும் மருந்து. இந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டு, நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அமியோ, ட, ரோன். எனக்கு அது ‘அம்மியோடு ரோந்து’ என்று கேட்டது. அன்றிலிருந்து ஒரு காவல்காரன் என் மண்டைக்குள் குடியிருக்கிறான். தோளில் அம்மிக்கல், உடம்பெல்லாம் நீலச் சாம்பல் நிறம், கொளுத்தும் வெயிலில் ரோந்து. தேர்வு முடிந்து வருடங்கள் ஆகியும் அவன் போகவில்லை. அந்த மருந்தும் அப்படித்தான். நிறுத்திய பிறகும் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்கில், பலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

மருத்துவ உரிமத் தேர்வுக்கு இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த நாட்டுத் தேர்வானாலும் மருந்தியல் கேள்வி வரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு நோயாளியின் கதை இருக்கும், அவர் எடுத்துக்கொள்ளும் மருந்துகள் இருக்கும், புதிதாக வந்த ஒரு தொந்தரவு இருக்கும். எந்த மருந்து காரணம், அது எப்படி வேலை செய்கிறது, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். பட்டியலாக மனப்பாடம் செய்தவருக்கு இங்கேதான் சிக்கல். தலைப்பைச் சொன்னால் பட்டியல் கடகடவென்று வரும். ஆனால் கேள்வி பட்டியலின் நடுவில் இருக்கும் ஆறாவது வரியிலிருந்து கிளம்பி வருகிறது. படம் அப்படியில்லை, அதற்குள் எந்த மூலையிலிருந்தும் நுழையலாம். நீலத் தோல் என்றாலும் காவல்காரன் வருவான், வீங்கிய கழுத்து என்றாலும் அவனே வருவான்.

முதலில் பிரித்துவையுங்கள்

படம் வரைய உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால்தான் பத்துப் படம் போட்டதும் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு தாளை எடுத்து, அந்த மருந்தைப் பற்றித் தேர்வுக்குத் தெரிந்திருக்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘ஏன்?’ என்று கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடிந்தால் அதன்மேல் கோடு போட்டு அடித்துவிடுங்கள். அதற்குப் படம் தேவையில்லை.

பீட்டா தடுப்பான்களை எடுத்துக்கொள்வோம். இதயத் துடிப்பு குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழல் சுருங்கலாம். எந்த ஏற்பி (செல்லில் மருந்தோ ஹார்மோனோ வந்து ஒட்டும் இடம்) எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் இதெல்லாம் தானாக வந்துவிடும். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது. மருந்து தடுப்பது அட்ரினலின் வகைச் செய்தியை, வியர்வைச் சுரப்பியை இயக்குவதோ அசிட்டைல்கோலின் என்பதுதான் காரணம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஏசிஇ தடுப்பான்களால் வரும் வறட்டு இருமலும் இதே கதைதான். ஏசிஇ என்பது ஒரு நொதி, பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதுவே. அதைத் தடுத்தால் பிராடிகைனின் தேங்கும், இருமல் வரும். ஆல்டோஸ்டிரோன் குறைவதால் பொட்டாசியம் ஏறும். இதற்கெல்லாம் படம் போட்டால் மூளைக்கு வீண் சுமை. இன்னும் மோசம், காரணத்தை யோசிக்கும் பழக்கமே விட்டுப்போய்விடும்.

மாறாக, காசநோய் மருந்தான எதாம்பியூட்டால் ஏன் கண் நரம்பைத் தாக்க வேண்டும்? புற்றுநோய் மருந்தான ப்ளியோமைசின் ஏன் நுரையீரலை? இதற்கெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் விளக்கம் சொல்லலாம். ஆனால் தேர்வறையில் உட்கார்ந்து நீங்களாக ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் படம். நான் எழுதும் பட்டியலில் பன்னிரண்டு வரி இருந்தால் ஐந்தாறுதான் மிஞ்சும். மிஞ்சியதை மட்டும் வரைவேன்.

பெயரைக் காதால் கேளுங்கள்

மருந்தின் பொதுப்பெயருக்கு இரண்டு பாதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பாதி குடும்பப் பெயர். உலக சுகாதார நிறுவனம் பொதுப்பெயர் வைக்கும்போது ஒரே வகை மருந்துகளுக்குப் பொதுவான விகுதி தருவதை வழக்கமாக வைத்திருக்கிறது. ‘ப்ரில்’ என்று முடிந்தால் ஏசிஇ தடுப்பான், ‘சார்டான்’ என்றால் ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பான், ‘டிபின்’ என்றால் கால்சியம் வாயில் தடுப்பான், ‘க்ளிப்டின்’ என்றால் சர்க்கரை மருந்து. இதற்கு ஒரு சாயங்காலம் போதும். ஏமாற்றுக்காரப் பெயர்களை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின்கள் மாதிரி ஒலித்தாலும் நிஸ்டாடின் கொழுப்பைக் குறைக்காது, அது பூஞ்சைக்கான மருந்து. ஒமெப்ரசோல் மாதிரி ஒலித்தாலும் அரிபிப்ரசோல் வயிற்று அமிலத்துக்கு இல்லை, மனநோய்க்கு.

முன்பாதிதான் அந்த ஆளின் சொந்தப் பெயர். அதற்குத்தான் ஒலி கொக்கி வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கொக்கியைத் தமிழில் தேடுங்கள். சந்தையில் கிடைக்கும் தயார்நிலைப் பட வீடியோக்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சிலேடையில் ஓடுகின்றன. ஆங்கிலத்திலேயே கனவு காண்கிறவருக்கு அது உடனே ஒட்டும். நமக்கோ முதலில் சிலேடையைப் புரிந்துகொண்டு, அப்புறம் மருந்தை நினைவுகூர வேண்டியிருக்கும். இரட்டை வேலை. தமிழில் கேட்டால், நுண்ணுயிர்க்கொல்லியான வேன்கோமைசினில் வேன் இருக்கிறது. ரிஃபாம்பிசின் ரிப்பன் மாதிரி ஒலிக்கிறது. எதாம்பியூட்டாலில் தாம்புக்கயிறு. வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டில் வால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினில் தோல் வார். பெயரை மூன்று முறை வேகமாகச் சொல்லுங்கள், முதலில் எந்தச் சொல் வாயில் வந்து விழுகிறதோ அதை எடுங்கள். கொக்கியை உங்களுக்கு நீங்களே விளக்க வேண்டியிருந்தால் அது வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உங்களுக்கென்று ஓர் அடையாள அகராதி

இந்த முறையின் முதுகெலும்பு இதுதான். கல்லீரல் பாதிப்பை ஒரு படத்தில் மஞ்சள் கண்ணாகவும் இன்னொன்றில் உடைந்த பாட்டிலாகவும் வரைந்தால் ஐம்பதாவது படத்தில் எல்லாம் கலங்கிப்போகும். ஓர் உறுப்புக்கு, ஒரு பாதிப்புக்கு எல்லாப் படங்களிலும் ஒரே அடையாளம். நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இதை எழுதிவைத்துவிடுங்கள்.

தமிழ் இதற்கென்றே செய்த மொழியோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கல்லீரலில் கல் இருக்கிறது, ஆகவே கல்லீரல் பாதிப்பு என்றால் விரிசல் விட்ட கல். நுரையீரலில் நுரை. நுரை கெட்டியாகி உறைந்துபோனால் நுரையீரல் நார்மயமாதல், அதாவது நுரையீரல் தழும்பேறி இறுகுவது. கணையத்தில் கணை இருக்கிறது. தீப்பிடித்த அம்பு என்றால் கணைய அழற்சி. கால்சியம் ஒரு கால். பொட்டாசியம் ஒரு பொட்டலம்: உப்பியிருந்தால் ரத்தத்தில் அதிகம், காலியாகக் கிடந்தால் குறைவு. காதுக்குக் காதறுந்த ஊசி. காது கெடுக்கும் மருந்துகளில் முக்கியமான அமினோகிளைகோசைடு வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் பெரும்பாலும் ஊசியாகவே போடப்படுவதால் இந்த அடையாளம் இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

மற்றதற்குச் சிலேடை கிடைக்காவிட்டால் வேலையை வைத்து யோசியுங்கள். சிறுநீரகம் வடிகட்டுகிறது, ஆகவே கிழிந்த சல்லடை. எலும்பு மஜ்ஜை வற்றினால் உள்ளே ஒன்றுமில்லாத மூங்கில் குழல். கர்ப்பத்தில் ஆகாத மருந்துக்குக் கவிழ்ந்த தொட்டில். கழுத்தில் உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சி தைராய்டு, அதன் வடிவமே அப்படித்தான். மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளுக்கு நான் ஓர் அடுப்பை வைத்திருக்கிறேன். துருத்தி வைத்து ஊதினால் நொதி தூண்டப்படுகிறது, மற்ற மருந்துகள் சீக்கிரம் எரிந்து தீரும். அடுப்பின்மேல் ஈரச்சாக்கைப் போட்டால் நொதி தடுக்கப்படுகிறது, மற்ற மருந்துகள் எரியாமல் தேங்கும்.

இருபது அடையாளம் போதும். அதற்கு மேல் போனால் அகராதியையே மனப்பாடம் செய்ய வேண்டிவரும்.

அகராதி கைவசம் இருந்தால் படம் எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கு வால்ப்ரோயேட் நல்ல உதாரணம். கவிழ்ந்த தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை. அதன் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில், வால் முளைக்கும் இடத்தில், பிளவு: நரம்புக்குழாய்க் குறைபாடு. கையில் தீப்பிடித்த அம்பு, காலடியில் விரிசல் கல். இரண்டே நிமிடத்தில் மூன்று பெரிய ஆபத்துகளும் முடிந்தன.

ஒரு படம், முழுசாக

இனி அந்தக் காவல்காரனிடம் போவோம். நான் வரைந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் இடம். ஒரு பெரிய வாயிற்கதவு. காவல்காரன் அதன் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான், எந்தப் பொட்டலத்தையும் வெளியே விடுவதில்லை. அமியோடரோனின் முக்கிய வேலையே இதயச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாயில்களை அடைப்பதுதான். பொட்டாசியம் வெளியே போனால்தான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். போக விடாவிட்டால் அந்த நேரம் நீளும், இசிஜியில் க்யூடி இடைவெளி நீளும். ஆகவே படத்தின் மையத்தில் நிற்பது பக்கவிளைவு இல்லை, மருந்து வேலை செய்யும் விதம். மையத்தில் எப்போதும் அதை வையுங்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தொங்கட்டும்.

அடுத்து அவன் தோளில் அம்மி. அம்மி ஒரு கல், அதில் விரிசல்: கல்லீரல். இவ்வளவு கனத்தைத் தூக்கி நடந்தால் மூச்சு வாங்காதா? வாயோரம் நுரை தள்ளுகிறது, ஆனால் அது வழியாமல் கெட்டியாக உறைந்து நிற்கிறது: நுரையீரல் நார்மயமாதல். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி, ஒரு சிறகு பெரிதாக உப்பியிருக்கிறது, மற்றது சுருங்கிக் கிடக்கிறது. காரணம், இந்த மருந்து தைராய்டை ஏற்றவும் செய்யும், இறக்கவும் செய்யும். எடையில் ஏறக்குறைய 37 சதவீதம் அயோடின் கொண்ட மருந்து, தைராய்டைச் சும்மா விடுமா? இந்த ‘ஏன்’ தெரிந்தபின் வண்ணத்துப்பூச்சியை நான் அழித்திருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் போகும் என்பதுதான் எனக்கு மறந்துகொண்டே இருந்தது, அந்தச் சிறகுகளுக்காக விட்டுவைத்தேன்.

வெயில் கொளுத்துகிறது, தோல் நீலச் சாம்பலாகிவிட்டது: ஒளி ஒவ்வாமையும் நிறமாற்றமும். கண்ணில் மஞ்சள் கண்ணாடி, அதன்மேல் தூசு. தூசு என்பது விழிவெண்படலத்தில் படியும் நுண்படிவு. மஞ்சள் கண்ணாடி என் அகராதியில் டிஜாக்சின் என்ற இதய மருந்து, அதன் நச்சில் பார்வை மஞ்சளாகும் என்பதால். அமியோடரோனோடு சேர்த்தால் டிஜாக்சின் அளவு ஏறும். அம்மியை அவன் தோளோடு கட்டியிருப்பது ஒரு தோல் வார், கட்டிய இடத்தில் ரத்தம் கசிகிறது. தோளில் ஈரச்சாக்கு. நொதி தடுக்கப்பட்டு வார்ஃபரின் தேங்குகிறது, ரத்தக்கசிவு ஆபத்து கூடுகிறது.

சரி, இதிலிருந்து கேள்விக்கு எப்படிப் போவது? ‘இந்த மருந்தைத் தொடங்கும் முன் என்னென்ன பரிசோதனை?’ என்று கேட்டால் அவனை மேலிருந்து கீழே பாருங்கள். கழுத்து: தைராய்டு பரிசோதனை. உறைந்த நுரை: மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் செயல்திறன் பரிசோதனை. விரிசல் கல்: கல்லீரல் பரிசோதனை. வாயிற்கதவு: இசிஜி. மனப்பாடம் எதுவும் வேண்டாம், பார்த்துப் படித்தால் போதும்.

இந்தப் படத்தைப் போட எனக்கு இருபது நிமிடம் ஆனது. காவல்காரன் என்றால் ஒரு வட்டம், ஐந்து கோடு, அவ்வளவுதான். அழகாக வரைய ஆசைப்படாதீர்கள். நிழல் தீட்டும் நேரத்தில் இன்னொரு மருந்தை முடித்துவிடலாம்.

பல மருந்து, ஒரே காட்சி

சேர்ந்தே வரும் மருந்துகளை ஒரே இடத்தில் வையுங்கள். காசநோய் மருந்துகள் நாலுக்கும் என்னுடையது ஓர் ஆற்றங்கரை. ஏன் ஆறு என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

கரையில் விரிசல் விட்ட பெரிய பாறை. அதன்மேல் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ஆள் இயந்திரம் ஒன்றிலிருந்து ஆரஞ்சு ரிப்பனை இழுக்கிறான், ரிப்பன் பாதியில் சிக்கிக்கொண்டது. ரிப்பன்தான் ஆர்என்ஏ இழை. ரிஃபாம்பிசின் பாக்டீரியாவின் ஆர்என்ஏ பாலிமரேசை நிறுத்துகிறது. அவன் கண்ணீரும் ஆரஞ்சு, சிறுநீரும் ஆரஞ்சு. இன்னொரு கையில் துருத்தி, அடுப்பை ஊதிக்கொண்டே இருக்கிறான். அதனால் வார்ஃபரின் வேலை குறையும், கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். தேர்வில் இந்தத் துருத்தி அடிக்கடி வரும்.

இரண்டாவது ஆள் ஐஸ் கட்டியைக் கட்டிப்பிடித்திருக்கிறான், கையும் காலும் மரத்துப்போய்விட்டன. ஐசோநியாசிட், புற நரம்புப் பாதிப்பு. அதற்கு மருந்து? அவன் பாதம் நனைந்துகொண்டிருக்கும் ஆறு. பி வைட்டமின்களில் ஆறு, அதாவது பி6, பைரிடாக்சின். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கு நெடுங்காலமாக வழக்கில் இருக்கும் சிகிச்சையும் 6 மாதம் என்பதால், அந்த ஆற்றை அழிக்க எனக்கு மனமே வரவில்லை.

மூன்றாவது ஆள் கையிலிருந்து ஒரு பை நழுவிக் கால் கட்டைவிரல்மேல் விழுந்திருக்கிறது, விரல் சிவந்து வீங்கியிருக்கிறது. பைரசினமைடு, யூரிக் அமிலம் ஏறுதல், அதனால் வரும் கவுட் என்ற மூட்டு வீக்கம்.

நாலாவது ஆள் பாறைமேல் இல்லை, தள்ளி நிற்கிறான். அவன் கண்ணைத் தாம்புக்கயிற்றால் கட்டியிருக்கிறார்கள், கயிற்றில் சிவப்பும் பச்சையும் பின்னியிருக்கிறது. எதாம்பியூட்டால், பார்வை நரம்பு அழற்சி, சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாமல் போவது. பாறைக்கு வெளியே நிற்பதற்கும் பொருள் உண்டு. மற்ற மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை, இவனை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே ஒரு தகவல். பட்டியலில் இதைச் சொல்லத் தனி வரி வேண்டும், படத்தில் நாலடி தள்ளி நிறுத்தினால் முடிந்தது.

வேலை செய்யும் விதத்தையே சிலேடையில் பிடித்துவிட முடிந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். வேன்கோமைசின் எனக்கு அப்படி அமைந்தது. வேன் ஒன்று சுவரைக் கட்ட விடாமல் குறுக்கே நிற்கிறது, பாக்டீரியாவின் செல்சுவர். சுவரில் அடுத்தடுத்து இரண்டு அலை வரைந்திருக்கிறது: டி-அலனின், டி-அலனின். வேன் பிடித்துக்கொள்வது அந்த அலைகளை. பாக்டீரியா எதிர்ப்புத்திறன் பெறும்போது இரண்டாவது அலையை அழித்துவிட்டு ‘லாக்’ ஒன்றைத் தொங்கவிடுகிறது: டி-லாக்டேட். வேன் இனி பிடிக்காது. வேன் வேகமாகப் போனால் சிவந்துவிடும், மெதுவாக ஓட்டினால் சரியாகிவிடும். மருந்தை வேகமாக ஏற்றும்போது முகமும் மேலுடம்பும் சிவந்து அரிப்பது, அதற்கு ஏற்றும் வேகத்தைக் குறைப்பது, இரண்டும் இதில் வந்துவிட்டன. வேனின் ஆன்டெனா ஒரு காதறுந்த ஊசி, முன்பக்கம் கிழிந்த சல்லடை.

மூடிவைத்துவிட்டு வரையுங்கள்

படம் போட்டாயிற்று, இனி தினமும் புரட்டிப் பார்த்தால் போதும் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நினைவுகூர்ந்து பார்த்துப் பழகியவர்கள் முந்தினார்கள். படத்துக்கும் இது பொருந்தும்.

நான் செய்வது இது. படம் முடிந்ததும் தாளைக் கவிழ்த்து, கண்ணை மூடி, இடமிருந்து வலமாக ஒருமுறை நடந்து ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்வேன். மறுநாள் காலை, பார்க்காமல், வெற்றுத்தாளில் அவசரக் கிறுக்கலாக வரைவேன். இரண்டு நிமிடம். அப்புறம் மூலப் படத்தோடு ஒப்பிடுவேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் தவறு என் நினைவாற்றலில் இல்லை, அந்த அடையாளம் பலவீனமானது. அதை மாற்றிவிடுவேன். முதன்முதலில் ஐசோநியாசிட் ஆளுக்குக் கையுறை வரைந்திருந்தேன், இரண்டு நாளும் மறந்தது. ஐஸ் கட்டியைக் கொடுத்த பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். எபிங்ஹாஸ் 1885-லேயே காட்டியபடி மறதி தொடக்கத்தில்தான் வேகமாக ஓடுகிறது, அதனால் முதல் இரண்டு பார்வைகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஆன்கி மாதிரி ஓர் அட்டைச் செயலி இருந்தால் படத்தைப் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு அடையாளத்தையும் ஒரு கட்டத்தால் மறைத்து அட்டையாக்கலாம். இடைவெளிக் கணக்கை அது பார்த்துக்கொள்ளும்.

திருப்பிப் போட்டுக் கேளுங்கள்

மருந்திலிருந்து பக்கவிளைவுக்குப் போவது எளிது. தேர்வு எதிர்த்திசையில் வரும் என்று முன்பே சொன்னேன். அதற்கான பயிற்சி தனி, அடையாள அகராதி தன் முழுப் பயனையும் தருவது இங்கேதான்.

வாரம் ஒருமுறை ஓர் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காதறுந்த ஊசி எந்தெந்தப் படங்களில் இருக்கிறது? அமினோகிளைகோசைடு, வேன்கோமைசின், ஃபுரோசமைடு, சிஸ்பிளாட்டின். எழுதிப் பார்த்தால் அடுத்த கேள்வி தானாக எழும்: இதில் இரண்டை ஒரே நோயாளிக்குச் சேர்த்துக் கொடுத்தால்? ஃபுரோசமைடும் அமினோகிளைகோசைடு வகையான ஜென்டாமைசினும் சேர்ந்தால் காதுக்கு ஆபத்து கூடும், அது தேர்வாளர்கள் விரும்பும் இடம். கிழிந்த சல்லடையையும் கூடவே தேடினால் இந்த வரிசையில் மூன்று பேர் திரும்பவும் வருவார்கள்.

படம் போட்ட அன்றே அந்தத் தலைப்பில் பத்துப் பதினைந்து கேள்வி போட்டுவிடுங்கள். விடை தப்பினால் காரணத்தைப் பாருங்கள். ஒரு தகவல் படத்தில் இல்லாததால் தப்பியதா? அடையாளம் ஒன்றைச் சேருங்கள். கதையைச் சரியாக யோசிக்காததால் தப்பியதா? படத்தைத் தொடாதீர்கள், காரணத்தைத் திரும்பப் படியுங்கள். எல்லாத் தவறுக்கும் ஒரு பொம்மை சேர்த்துக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் படம் சந்தைக்கடை ஆகிவிடும். ஒரு படத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடையாளம்தான் என் எல்லை.

சறுக்கும் இடங்கள்

ஒரே மாதிரி இருக்கும் இரட்டை மருந்துகளை ஒரே நாளில், தனித்தனிப் படமாகப் போடாதீர்கள். அடுத்த வாரம் எது யாருடையது என்று மாறிப்போகும். இரண்டையும் ஒரே படத்தில் எதிரெதிராக நிறுத்துங்கள். லூப் வகை நீர்ப்பெருக்கிகள் சிறுநீரில் கால்சியத்தை இழக்கச் செய்யும், தயாசைடு வகை பிடித்து வைக்கும். இதில் குழம்பாதவரை நான் பார்த்ததில்லை. என் படத்தில் இடப்பக்கம் ஒரு சுருக்குக் கயிறு, அதுதான் லூப், ஒருவன் காலைப் பிடித்து வெளியே இழுக்கிறது. வலப்பக்கம் தயவுள்ள ஒருவர் அந்தக் காலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். தயவுக்காரர், தயாசைடு. கால்சியக் கற்கள் திரும்பத் திரும்ப வருபவருக்குத் தயாசைடு ஏன் உதவுகிறது என்பதும் அங்கேயே இருக்கிறது. சிறுநீரில் கால்சியம் குறைந்தால் கல் கட்ட வழியில்லை.

படம் நினைவிருக்கும், பொருள் மறந்திருக்கும். இதுவும் நடக்கும். காவல்காரன் கண்ணாடி மஞ்சள் என்று தெரிகிறது, ஏன் மஞ்சள் என்று தெரியவில்லை. அதனால் வாய்விட்டுச் சொல்லும்போது பொருளைச் சேர்த்தே சொல்லுங்கள்: ‘மஞ்சள் கண்ணாடி, டிஜாக்சின், அளவு ஏறும்.’

தன்னியக்க நரம்பு மண்டல மருந்துகளைப் படத்தில் தொடங்க வேண்டாம். அது முழுக்க முழுக்க காரணம் சார்ந்த பகுதி. எந்த ஏற்பி எந்த உறுப்பில், தூண்டினால் என்ன, தடுத்தால் என்ன என்ற ஒற்றை அட்டவணையை நன்றாகப் புரிந்துகொண்டால் நாற்பது மருந்து கையில் வந்துவிடும். மருந்தளவையும் படத்தில் ஏற்றாதீர்கள். தேர்வுக்கு அது அதிகம் தேவைப்படாது, வார்டில் எப்போதும் குறிப்பேட்டைப் பார்த்தே எழுத வேண்டிய விஷயம் அது.

எந்த வரிசையில்?

புற்றுநோய் மருந்துகளில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் அது எல்லாவற்றிலும் எளிய படம். ஒரு மனித உருவம் வரையுங்கள், மருந்தை அது தாக்கும் இடத்திலேயே ஒட்டுங்கள். காதிலும் சிறுநீரகத்திலும் சிஸ்பிளாட்டின், நுரையீரலில் ப்ளியோமைசின், இதயத்தில் டாக்ஸோரூபிசின், கைகால் நரம்பில் வின்கிரிஸ்டின், சிறுநீர்ப்பையில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, அதன் பக்கத்திலேயே சிறுநீர்ப்பைக்குக் காவலாகத் தரும் மெஸ்னா என்ற மருந்து. பல நாட்டு மாணவர்கள் தலைமுறையாக வரைந்துவரும் படம் இது. அரைமணி நேரத்தில் முடியும், முறைமேல் நம்பிக்கையும் வந்துவிடும்.

அப்புறம் நுண்ணுயிர்க்கொல்லிகள். படத்துக்கு இதைவிடச் செழிப்பான பகுதி இல்லை, இங்கே அவசரப்படாமல் மூன்று வாரம் கொடுங்கள். அடுத்து வலிப்பு மருந்துகள், இதயத்துடிப்பு மருந்துகள், மனநோய் மருந்துகள். ஹார்மோன், ரத்த அழுத்தம், நீர்ப்பெருக்கிகளில் பாதிக்கு மேல் காரணத்திலேயே வந்துவிடும், சறுக்கும் இடங்களுக்கு மட்டும் படம் போட்டால் போதும். ஒரு நாளைக்கு ஒரு காட்சி, அதற்கு மேல் வேண்டாம். எனக்கு மொத்தம் எண்பது காட்சி ஆனது.

காட்சிகள் முப்பதைத் தாண்டும்போது அவற்றுக்கு முகவரி கொடுக்க வேண்டும். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. விருந்து மண்டபம் இடிந்து விழுந்தபோது யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை வைத்தே இறந்தவர்களை அடையாளம் சொன்னதாகக் கிரேக்கக் கவிஞர் சிமோனிடஸைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. அதே வழிதான். உங்களுக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் தெரிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் இதய மருந்துகள், கூடத்தில் நுண்ணுயிர்க்கொல்லிகள், மாடிப்படியில் வலிப்பு மருந்துகள் என்று குடியமர்த்துங்கள். என் காவல்காரன் வாசலில்தான் நிற்கிறான், வேறெங்கே நிற்பான்?

தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் வரையாதீர்கள். தினமும் காலை அந்த வீட்டுக்குள் ஒரு சுற்று, மாலையில் ஓர் அடையாளத்தைப் பிடித்துத் திருப்பித் தேடல், மற்ற நேரமெல்லாம் கேள்விகள். கேள்வி போடும்போது நோயாளியின் கதையை முழுசாகப் படித்து முடித்த பிறகே படத்தைக் கூப்பிடுங்கள். வயதானவர், இதயத்துடிப்பு மருந்தில் இருக்கிறார், சில மாதமாக வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குகிறது, முகம் லேசாக நீலம் பூத்திருக்கிறது என்று வரி வரியாக வரும். கடைசி வரிக்கு வரும்போது அம்மியோடு ஒருவன் வாசலில் நின்றுகொண்டிருப்பான்.